அரை சதவீதத்தைத் துரத்தும் முன்: சேமிப்பு வட்டி பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எங்கே போட்டால் வட்டி கூடக் கிடைக்கும்?" காரணம் தெரிந்ததுதான். 2025-ஆம் ஆண்டில் மட்டும் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கு வாங்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை நான்கு தடவை குறைத்து, 6.5 சதவீதத்தில் இருந்து 5.25-க்குக் கொண்டுவந்தது. வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்கு அது நிம்மதி. வட்டியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குக் கையைக் கடிக்கிறது. முப்பது வருஷம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து நான் பார்த்ததை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

மேடம், நான் அரசுப் பள்ளி ஆசிரியை. சம்பளக் கணக்கில் நாலு லட்சம் வரை இருக்கிறது. அவசரத்துக்கு வேண்டும் என்று எடுக்காமல் வைத்திருக்கிறேன். வேறு வங்கிக்கு மாற்றினால் வட்டி கூடுமா? (வாசகி, திண்டுக்கல்)

வங்கியை மாற்றுவது அப்புறம். முதலில் அந்தப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் இருந்து நகர்த்துங்கள். பெரிய வங்கிகள் பலவும் 2025 நடுவில் சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 சதவீதத்துக்கு இறக்கிவிட்டன. உங்கள் நாலு லட்சத்துக்கு வருஷம் பத்தாயிரம்தான் வரும். ஒரு லட்சத்தை அங்கேயே விட்டுவிட்டு, மூன்று லட்சத்தை அதே வங்கியில் 6.25 சதவீதத்துக்கு எஃப்.டி. (நிலையான வைப்பு) போட்டதாக வைத்துக்கொள்வோம். 18,750-உம் 2,500-உம் சேர்ந்து 21,250 ரூபாய். வங்கியை மாற்றாமலே இரண்டு மடங்குக்கு மேல்.

அவசரத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மூன்று லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல் ஐம்பதாயிரம், ஐம்பதாயிரமாக ஆறு ரசீதாகப் போடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற ஐந்தும் ஓடிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருப்பதைத் தானாகவே எஃப்.டி.க்கு மாற்றிவிடும் ஸ்வீப் வசதியும் பெரும்பாலான வங்கிகளில் இருக்கிறது. கேட்டால்தான் போட்டுத் தருவார்கள், அதனால் கேளுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது, அம்மாவுக்கு 62. பென்ஷன் கிடையாது. ஓய்வுபெற்றபோது வந்த 42 லட்சமும் ஒரே வங்கியில் எஃப்.டி. அடுத்த மாதம் முதிர்கிறது. புதுப்பிக்கலாமா? (வாசகர், சேலம்)

அப்படியே புதுப்பிக்காதீர்கள். 60 வயது தாண்டியவர்களுக்கென்றே உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 8.2 சதவீதம் தருகிறார்கள். அஞ்சலகத்திலும் தொடங்கலாம், பெரிய வங்கிகளிலும் தொடங்கலாம். அஞ்சலகத் திட்டங்களின் வட்டியை நிதி அமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிவிக்கிறது. ரெப்போ இவ்வளவு இறங்கியும் 2025 முடிய இந்த விகிதத்தில் அவர்கள் கைவைக்கவில்லை. நீங்கள் கணக்குத் தொடங்கும் நாளில் என்ன விகிதமோ, அது ஐந்து வருஷத்துக்கும் மாறாது. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

ஒருவருக்கு 30 லட்சம்தான் உச்சவரம்பு. அப்பா பெயரில் 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் வரும். அம்மாவுக்குத் தனியாக ஒரு கணக்கு தொடங்கி 8 லட்சம் போட்டால் இன்னொரு 16,400. இரண்டும் சேர்த்தால் மாதத்துக்குச் சுமார் 26 ஆயிரம் ஆகிறது. மீதி நாலு லட்சத்தை வங்கியிலேயே எளிதில் எடுக்கிற மாதிரி வையுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வருஷத்துக்குள் இந்தத் திட்டத்தை முடித்தால் கொடுத்த வட்டியை அசலில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருஷத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதமும், அதற்குப் பிறகு ஒரு சதவீதமும் போகும்.

வரி விஷயம் இரண்டு. அப்பா கொடுத்த பணத்தை அம்மா பெயரில் போட்டாலும், அந்த வட்டி வரிக் கணக்கில் அப்பாவின் வருமானமாகத்தான் சேரும். இங்கே இந்தத் திட்டத்தில் வரும் மொத்த வட்டியே வருஷம் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள்தான். வேறு வருமானம் இல்லை என்றால் வரி வராது. ஆனால் மூத்த குடிமக்களுக்கு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் பத்து சதவீதத்தை முன்கூட்டியே வரியாக (டி.டி.எஸ்.) பிடிப்பார்கள். நிதியாண்டு தொடங்கியதும், எல்லோரும் 15எச் என்று சொல்லிப் பழகிய உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் பிடிக்க மாட்டார்கள்.

இன்னும் ஒன்று. ஒரு பெரியவர் எங்கள் கிளைக்கு பாஸ்புக்கை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். "இரண்டு வருஷமா வட்டியைத் தொடவே இல்லம்மா, சேர்ந்து வளரட்டும்னு விட்டுட்டேன்" என்றார். எட்டு காலாண்டு வட்டி அப்படியே கிடந்தது, அதற்கு மேல் ஒரு பைசா சேரவில்லை. இந்தத் திட்டத்தில் எடுக்காமல் விட்ட வட்டிக்கு வட்டி கிடையாது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அஞ்சலக மாத வருமானத் திட்டத்துக்கும் இதே விதிதான். வட்டி தானாகவே சேமிப்புக் கணக்குக்கு வரும்படி முதல் நாளே எழுதிக் கொடுங்கள். செலவுக்கு வேண்டாம் என்றால் அங்கிருந்து மாதாமாதம் கட்டும் தொடர் வைப்புக்கு (ஆர்.டி.) திருப்பிவிடலாம்.

சிறு நிதி வங்கிகளில் ஒரு சதவீதம், ஒன்றரை சதவீதம் கூடத் தருகிறார்கள். நம்பிப் போடலாமா? (வாசகர், விருதுநகர்)

போடலாம், அளவோடு. ஈக்விடாஸ், உஜ்ஜீவன் போன்றவை ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற வங்கிகள். பெரிய வங்கிகளுக்கு உள்ள அதே வைப்புக் காப்பீடு இவற்றுக்கும் உண்டு. ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை. 2020 பிப்ரவரிக்கு முன்னால் அது வெறும் ஒரு லட்சமாக இருந்தது.

அந்த ஐந்து லட்சத்தில் வட்டியும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து லட்சம் முழுதாகப் போட்டால் சேருகிற வட்டிக்குப் பாதுகாப்பு இல்லை. எட்டு சதவீதத்தில் இரண்டு வருஷம் என்றால் நாலே கால் லட்சம் போடுங்கள். முதிர்வில் 4,98,000 கிட்ட வரும், எல்லாம் வரம்புக்குள் நிற்கும். ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் பிரித்துப் போடுவது உதவாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள்.

காப்பீடு இருந்தாலும் பணம் உடனே கைக்கு வராது. 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டபோது, முதலில் ஒரு கணக்குக்கு ஆயிரம் ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்றார்கள். இப்போது சட்டத்தைத் திருத்தி, தடை வந்த 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகையைத் தர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தொண்ணூறு நாள் தாக்குப்பிடிக்கக் கூடிய பணத்தை மட்டும் அங்கே வையுங்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்த பணம் அங்கே வேண்டாம்.

தமிழ்நாடு பவர் பைனான்ஸ் வைப்புக்கு இந்தக் காப்பீடு உண்டா? (வாசகி, தஞ்சாவூர்)

கிடையாது. அது தமிழக அரசுக்குச் சொந்தமான நிதி நிறுவனம், வங்கி அல்ல. அரசு நிறுவனம் என்பது வேறு, அரசு உத்தரவாதம் என்பது வேறு. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இந்தக் காப்பீடு இல்லை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு.

மூன்று லட்சம் 6.5 சதவீதத்தில் மூன்று வருஷத்துக்குப் போட்டேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. இன்னொரு வங்கியில் 7.25 தருகிறார்கள். உடைத்து மாற்றலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். பாதியில் உடைத்தால், ஓடிய காலத்துக்கு நீங்கள் போட்ட அன்று என்ன வட்டி இருந்ததோ அதைத்தான் தருவார்கள். அதிலும் அபராதமாக அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கழியும். அன்று ஓராண்டு வட்டி 6.25, அபராதம் ஒன்று என்று கொண்டால், உங்களுக்குக் கிடைப்பது 5.25. ஆக, ஒரு வருஷத்தில் 3,750 ரூபாய் நஷ்டம். புது இடத்தில் முக்கால் சதவீதம் கூட என்றால், மீதி இரண்டு வருஷத்தில் 4,500 லாபம். அலைந்து திரிந்து மிச்சம் 750 ரூபாய். என்னைக் கேட்டால், விட்டுவிடுங்கள். போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது என்றால் பதில் வேறாக இருந்திருக்கும்.

எங்கள் ஊர் வங்கியில் "7% வட்டி, 8.29% விளைவு" என்று எழுதிப்போட்டிருக்கிறார்கள். எது உண்மை? (வாசகர், நாகர்கோவில்)

இரண்டும் உண்மை, ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது அந்த 7 சதவீதத்தைத்தான். ஒரு லட்சத்தை ஐந்து வருஷம் ஏழு சதவீதத்தில், காலாண்டுக்கு ஒரு முறை சேரும் கூட்டு வட்டியில் விட்டால் 1,41,478 ஆகும். கூடுதலாக வந்த 41,478-ஐ ஐந்தால் வகுத்தால் வருஷத்துக்கு 8,295 ரூபாய், அதாவது லட்சத்தில் 8.29 சதவீதம் வருகிறது, அவ்வளவுதான். இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது முதிர்வுத் தொகை எவ்வளவு என்று ரூபாயில் கேளுங்கள். அஞ்சலகத்தில் 7.7 சதவீத தேசிய சேமிப்புப் பத்திரம் இருக்கிறது. அதில் பத்தாயிரம் போட்டால் ஐந்து வருஷத்தில் 14,490. வங்கி சொல்லும் முதிர்வுத் தொகையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உறவினர் ஒருவர் லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் தரும் நிறுவனத்தில் சேரச் சொல்கிறார். அவருக்கு ஆறு மாதமாக ஒழுங்காக வருகிறதாம். (வாசகி, வேலூர்)

தயவுசெய்து வேண்டாம். மாதம் மூன்று என்றால் வருஷம் 36 சதவீதம். நேர்மையாகத் தொழில் செய்து அதை யாராலும் தொடர்ந்து தர முடியாது. ஆறு மாதம் ஒழுங்காக வருவதுதான் தூண்டில், அடுத்து சேருகிறவர் பணத்தில் இருந்து அது வருகிறது. 2022-இல் வெடித்த ஆருத்ரா நிதி நிறுவன மோசடி விவகாரத்தில் மாதம் 25 முதல் 30 சதவீதம் என்று சொல்லி நிறையப் பேரிடம் வசூலித்தார்கள். அதிலும் முதல் சில மாதம் பணம் வந்ததைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தார் நகையை அடகு வைத்துச் சேர்ந்தார்கள். ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள், வைப்புத் தொகை வாங்க அனுமதி இருக்கிறதா என்று தெரியும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், வெட்கப்படாமல் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர்களுக்கென்றே தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஏமாற்றியவர்களின் சொத்தை முடக்க அதில் வழி உண்டு.

பையனுக்குப் பொன்மகன் கணக்கு இருக்கிறது. வருஷா வருஷம் மார்ச்சில் ஒன்றரை லட்சம் கட்டுகிறேன். வட்டி குறைவாகத் தெரிகிறதே? (வாசகர், மதுரை)

பொன்மகன் என்பது நம் ஊர் அஞ்சலகங்கள் பொது வருங்கால வைப்பு நிதி (பி.பி.எஃப்.) கணக்குக்கு வைத்த பெயர். 2020 ஏப்ரலில் இருந்து 7.1 சதவீதம்தான். குறை வட்டியில் இல்லை, நீங்கள் கட்டும் தேதியில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி கணக்கிடுவார்கள். மார்ச் கடைசியில் கட்டும் பணத்துக்கு அந்த வருஷம் ஒரு பைசா வராது. அதையே ஏப்ரல் ஐந்துக்குள் கட்டியிருந்தால் 10,650 ரூபாய் வந்திருக்கும். ஆறாம் தேதி கட்டினாலே 887 ரூபாய் போய்விடும். பெண் பிள்ளைக்குச் செல்வமகள் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். இந்த மார்ச் கட்டிவிட்டீர்கள் என்றால், முடிந்தால் அடுத்த வருஷத்துப் பணத்தையும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே கட்டிவிடுங்கள். காசோலையாகக் கொடுத்தால் ஒன்றாம் தேதியே கொடுத்துவிடுங்கள்.