பி.ஆர்க். சேரும் மகளுக்கு எந்தக் கணினி? நகையை அடகு வைக்கும் முன்

கேள்வி: மகளுக்கு பி.ஆர்க். (கட்டடக்கலை) படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டு வடிவமைப்பு, இன்டீரியர் பக்கம் போக ஆசைப்படுகிறாள். கல்லூரி திறக்கும் முன்பே லேப்டாப் வேண்டும் என்கிறாள். கடையில் ஒன்றேகால் லட்சத்துக்கு ஒரு கேமிங் லேப்டாப்பைக் காட்டுகிறார்கள். உறவுக்காரப் பையன் மேக்புக் வாங்கச் சொல்கிறான். நகையை வைத்துத்தான் வாங்க வேண்டும். எதை வாங்கினால் ஐந்து வருடமும் தாங்கும்?

பதில்: அம்மா, நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். கல்லூரி திறக்கும் முன்பே வாங்க வேண்டிய பொருள் இல்லை இது. பி.ஆர்க். முதல் ஆண்டு பெரும்பாலும் கைவேலைதான்: டிராயிங் போர்டு, மினி டிராஃப்டர், செட் ஸ்கொயர், மாடல் செய்ய அட்டையும் கட்டரும். கணினியில் வரைந்து கொண்டுபோனால் முதல் ஆண்டில் வாங்க மறுக்கும் ஆசிரியர்கள் உண்டு. சேர்ந்த முதல் வாரத்தில், எந்த செமஸ்டரில் எந்த மென்பொருள் வருகிறது என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். பல இடங்களில் மூன்றாவது செமஸ்டர் வரை பொறுக்கலாம். இன்றே வாங்கினால் ஓராண்டு உத்தரவாதம் பையிலேயே கழிந்துவிடும். பழுது வரும் காலத்தில் கைக்காசு போட வேண்டும். இன்டீரியர் டிப்ளமோவோ பி.டெஸ். (வடிவமைப்புப் பட்டம்) படிப்போ என்றால் கணக்கு வேறு. அங்கே முதல் செமஸ்டரிலேயே மென்பொருள் தொடங்கிவிடும், உடனே வாங்குங்கள்.

வாங்கும்போது மென்பொருளிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்டோகேட்டில் தரைத்தளப் படம் வரைவது இலகுவான வேலை. வீட்டில் அரசு கொடுத்த லேப்டாப் இருந்தால், அதில் 8 ஜிபி ராம் இருக்குமானால், இரண்டாம் ஆண்டுத் தொடக்கம் வரை அதுவே போதும். அடுத்தது ஸ்கெட்ச்அப், ரெவிட் போன்ற 3டி மாடல் மென்பொருள்கள். கனமானது மூன்றாவது அடுக்கு: வி-ரே, லூமியன், என்ஸ்கேப், டி5 ரெண்டர், ட்வின்மோஷன். மாடலில் ஒளி, நிழல், கிரானைட்டின் பளபளப்பு எல்லாம் சேர்த்துப் புகைப்படம்போல் ஆக்கித் தருபவை இவை; இந்த வேலைக்குத்தான் ரெண்டர் என்று பெயர். கணினியின் விலையைத் தீர்மானிப்பது இந்த மூன்றாவது அடுக்குதான்.

இங்கே உழைப்பது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு. கடைக்காரர் 'ஆர்டிஎக்ஸ் இருக்கு மேடம்' என்பார். அது போதாது, இரண்டு எண்களைக் கேளுங்கள். முதல் எண், கார்டுக்குள்ளேயே இருக்கும் நினைவகம், அதாவது விராம். டைல்ஸ், மர வேலைப்பாடு, சோபாத் துணி ஆகியவற்றின் மேற்பரப்புக்கு டெக்ஸ்சர் என்ற படங்களை ஒட்டுவார்கள். 4096-க்கு 4096 பிக்சல் உள்ள ஒரு படம் வட்டில் 5 எம்பி ஜேபெக் கோப்பாக இருக்கலாம். கார்டுக்குள் ஏறும்போது அது விரிகிறது: ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 64 எம்பி. ஒரு மாடுலர் கிச்சனும் ஹாலும் சேர்ந்த காட்சியில் இப்படி 50 படங்கள் சாதாரணம். அதுவே 3,200 எம்பி. மரம், செடி, விளக்கு, திரைச்சீலையின் மடிப்புகள் தனி. 4 ஜிபி கார்டு இந்த இடத்தில் மூச்சுத் திணறும். வி-ரே நினைவகம் போதவில்லை என்று பாதியில் நிற்கும். லூமியன் நகர மறுக்கும். பிள்ளை இரவு இரண்டு மணிக்கு, மறுநாள் ஜூரியை (ஆசிரியர்கள் முன் வேலையைக் காட்டும் மதிப்பீடு) வைத்துக்கொண்டு அழும். ஆகவே 4 ஜிபி வேண்டாம். 6 ஜிபி குறைந்தபட்சம். கையைக் கடித்தாலும் 8 ஜிபிக்குப் போங்கள். ஆர்டிஎக்ஸ் 4060, 5060 லேப்டாப் கார்டுகள் அந்த அளவில் வருகின்றன.

இரண்டாவது எண் வாட். லேப்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற பெயர் ஒன்றுதான், ஆனால் அதற்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிக்கும் நிறுவனமே முடிவு செய்கிறது. என்விடியா வகுத்த வரம்பே 35 முதல் 115 வாட் வரை விரிகிறது. மெல்லிய, அழகான லேப்டாப்பில் 50, 60 வாட்டில் ஓடும் கார்டும், தடித்த லேப்டாப்பில் 100 வாட்டுக்கு மேல் ஓடும் கார்டும் பெட்டியின்மேல் ஒரே பெயரில்தான் இருக்கும். ரெண்டருக்கு ஆகும் நேரம் ஒன்றாக இருக்காது. கடையில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பார்த்தால் அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். திறக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

மற்றவற்றில் இவ்வளவு சூட்சுமம் இல்லை. ராம் 16 ஜிபி ஆரம்பத்துக்குச் சரி, இறுதியில் 32 வேண்டும். ரெவிட்டில் கோப்பின் அளவைப் போல் சுமார் 20 மடங்கு ராம் வேண்டும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு: 300 எம்பி மாடலுக்கு 6 ஜிபி, அதன்மேல் விண்டோஸ், பிரவுசர், ஃபோட்டோஷாப். பின்னால் ராம் கூட்ட இடம் இருக்கிறதா என்பதே முக்கியம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். சில மாடல்களில் ராமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அவற்றில் கூட்ட வழியே இல்லை. 16 ஜிபியை ஒரே துண்டாகப் போட்டிருந்தால் வேகம் குறையும். 8-ம் 8-ம் ஆக இரண்டு இருந்தால் வேகம் சரி, ஆனால் 32 ஆக்கும்போது இரண்டையும் கழற்ற வேண்டும்.

பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'யூ' என்று முடிவது பேட்டரியைச் சேமிப்பதற்கானது. இவளுக்கு 'எச்', 'எச்எஸ்', 'எச்எக்ஸ்' வகை வேண்டும். ஐ9 வரை போக வேண்டியதில்லை. ஸ்கெட்ச்அப்பில் மாடலைச் சுழற்றும்போது பெரும்பாலும் பிராசசருக்குள் இருக்கும் பல கோர்களில் (வேலைப் பிரிவுகளில்) ஒன்றுதான் வேலை செய்கிறது. மீதிக் கோர்கள் சும்மா இருக்கும். இணையத்திலிருந்து இறக்கிய ஒரு பூச்சாடியில் லட்சம் முகங்கள் (உருவத்தை உண்டாக்கும் சிறு தட்டைப் பரப்புகள்) இருந்தால் எந்த பிராசசரும் திக்கும். அதற்கு மருந்து கணினியில் இல்லை, மாடலைச் சுத்தம் செய்வதில் இருக்கிறது.

எஸ்எஸ்டி (கோப்புகள் தங்கும் இடம்) 1 டிபி. 512 ஜிபி என்றால், இன்னொரு எஸ்எஸ்டி செருக இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவில், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருக்க வேண்டும். மலிவான கேமிங் லேப்டாப்களில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தத் திரையில் தேக்கு நிறம் சாம்பல் பூத்துத் தெரியும். பிள்ளை அதைச் சரிசெய்ய நிறத்தை ஏற்றுவாள். அச்சிட்டால் செங்கல்லாக வரும். பின்னால் வண்ணத்தில் மாறும் கீபோர்டு விளக்குகள் ரெண்டரை ஒரு நொடிகூடக் குறைக்காது. ஆனால் வலப்பக்கம் எண் விசைகள் இருந்தால் நல்லது, ஆட்டோகேட்டில் நாளெல்லாம் அளவுகளைத்தான் தட்டுவார்கள். உருளைச் சக்கரம் உள்ள மவுஸ் ஒன்று கட்டாயம். ஸ்கெட்ச்அப்பில் சக்கரத்தை அழுத்தித்தான் மாடலைச் சுழற்றுவது.

மேக்புக் நல்ல கருவிதான், இந்தப் படிப்புக்குத்தான் ஒத்துவராது. ரெவிட்டும் 3டிஎஸ் மேக்ஸும் மேக்கில் ஓடுவதில்லை. 2020-இல் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறிய பிறகு, அதில் விண்டோஸைத் தனியாக நிறுவித் தொடங்கும் வழியும் அடைபட்டது. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்களையும் ரெவிட் போன்றவை அவற்றிலும் சரிவர ஓடாது என்பதால் தவிர்த்துவிடுங்கள்.

மகள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வருபவள் என்றால் மேசைக் கணினியைத் தாராளமாக யோசிக்கலாம். அதே பணத்தில் வேகம் கூடுதல், சூடு குறைவு, ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 இரண்டு துண்டு, 1 டிபி என்விஎம்இ, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி கார்டு, 650 வாட் பவர் சப்ளை, 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் என்பது நிதானமான பட்டியல். பணம் முட்டினால் கார்டை 8 ஜிபிக்கு இறக்குங்கள். பவர் சப்ளையில் மட்டும் பெயர் தெரியாத சரக்கைப் போட விடாதீர்கள், அது போகும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். முழு வேலையில் இந்தக் கணினி சுமார் 300 வாட் இழுக்கும். கடையில் தரும் 600 விஏ யூபிஎஸ் தருவது ஏறக்குறைய 360 வாட். கரண்ட் போனால் கோப்பைச் சேமிக்கும் முன் அணைந்துவிடலாம். 1 கேவிஏ (1,000 விஏ) வாங்குங்கள். இன்னொன்று: வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருக வேண்டும், மேலே இருக்கும் மதர்போர்டு துளையில் அல்ல. தவறிச் செருகினாலும் படம் வரும், கார்டு மட்டும் முழுதாக உழைக்காது. மாதக்கணக்கில் இதைக் கவனிக்காமல் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

விடுதி என்றால் லேப்டாப்தான். சார்ஜரோடு சேர்ந்து மூன்று கிலோ வரை வரும், தோள் வலிக்கத்தான் செய்யும். பேட்டரியில் ரெண்டர் போட்டால் வேகம் வெகுவாகக் குறையும். இந்த லேப்டாப்களுக்குத் தனிச் சார்ஜர் வேண்டும், போன் சார்ஜர் போன்ற டைப்-சி போதாது. மெத்தைமேல் வைத்து ஓட்டினால் அடியில் காற்று அடைத்து, சூட்டைத் தணிக்க அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் இது கண்கூடு. பின்பக்கத்துக்கு இரண்டு அங்குல முட்டு கொடுத்தாலே வித்தியாசம் தெரியும். புது லேப்டாப்பில் ஸ்கெட்ச்அப் திக்குகிறது என்று புகார் வந்தால், சர்வீஸ் சென்டருக்கு ஓடும் முன் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் வரை போய், அந்த மென்பொருளுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் பல நேரம் பிராசசரோடு சேர்ந்து வரும் சிறிய கிராஃபிக்ஸிலேயே அதை ஓட்டிக்கொண்டிருக்கும்.

எல்லா மென்பொருளுக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. ஆட்டோகேட், ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் ஆகியவற்றை ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. படிக்கும் சான்றைக் காட்டி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பிளெண்டர் யாருக்கும் இலவசம். கடைக்காரர் 'எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தரேன்' என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். திருட்டுப் பதிப்போடு வரும் வைரஸ் ஐந்து வருட வேலையையும் பூட்டிவிடக்கூடும். மாணவர் பதிப்பில் காசுக்கு வேலை செய்து கொடுப்பதும் உரிமத்துக்கு விரோதம். மூன்றாம் ஆண்டில் பக்கத்து வீட்டுக்காரருக்கு எலிவேஷன் (கட்டட முகப்பு வரைபடம்) போட்டுத்தரும் ஆசை வரும், அப்போது இதை நினைவூட்டுங்கள்.

மகள் எந்தப் பக்கம் போவாள் என்பதும் கணினியைத் தொடுகிறது. இன்டீரியர் நிறுவனங்களில் ஸ்கெட்ச்அப்பும் ரெண்டரும்தான் சோறு. அங்கே விராம் பேசும். வெளிநாட்டுத் திட்டங்களுக்கு பிம் (கட்டடத்தின் எல்லாத் தகவலையும் ஒரே 3டி மாடலில் சேர்ப்பது) வேலை செய்யும் சென்னை, கோவை நிறுவனங்கள் ரெவிட் கேட்கும். அங்கே ராமும் ஒற்றைக் கோரின் வேகமும் பேசும். மூன்றாவது செமஸ்டரில் அவளுக்கே ஓரளவு தெரிந்திருக்கும்.

இனி பணம். கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையான கணினியும் அனுமதிக்கப்பட்ட செலவுகளில் ஒன்று. துறைத் தலைவரிடம் 'கணினி தேவை' என்று ஒரு கடிதம், கடையில் ஜிஎஸ்டி எண்ணோடு ஒரு கொட்டேஷன், இரண்டையும் முதல் விண்ணப்பத்திலேயே இணைத்து, இரண்டாம் ஆண்டுச் செலவாகக் காட்டுங்கள். பின்னால் சேர்க்கப் போனால் வங்கி இழுத்தடிக்கும். வட்டியை நகைக் கடனோடு ஒப்பிட்டு, மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வாங்கும் நாளில் பெட்டியைக் கடையிலேயே பிரித்து, பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில் மகள் பெயரில் இருக்கட்டும். நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்து, கீழே விழுந்தால் காக்கும் கூடுதல் உத்தரவாதத்தையும் எடுத்துவிடுங்கள். வெளியில் ஒரு 1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் அதில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் தொடர்ந்து ரெண்டர் ஓட்டிப் பார்க்கட்டும். தானாக அணைந்தாலோ திரையில் கோடு வந்தாலோ அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.