ஜாவா நிரல்மொழியில் பார்வைக்கு ஒன்றான இரு சொற்கள் ஏன் சமமில்லை என்று வருகின்றன?

திருகோணமலையிலிருந்து புறப்படும் பஸ்களுக்கான உங்கள் நிரலில், பட்டியலில் உள்ள ஊரைத் தட்டச்சு செய்தாலும் "இல்லை" என்று வருகிறது, ஒப்பிடும் இடத்தில் == ஐ நீக்கி, எழுத்துகளை ஒப்பிடும் ஈக்குவல்ஸ் (equals) போட்டும் தீரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஈக்குவல்ஸுக்கு மாறியது சரிதான். == எழுத்துகளைப் பார்ப்பதில்லை; இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா என்று மட்டுமே பார்க்கும்.

மிச்சக் கோளாறு பெரும்பாலும் தமிழ் எழுத்தில்தான் இருக்கும். நம் ஊர்ப்பெயரின் நடுவிலுள்ள 'கோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளுக்கு எண் குறியீடு தரும் முறையான யூனிகோடில் அதை ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டு குறியீடுகளாக எழுதலாம். ககரம், ஏகாரக் கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். திரையில் இம்மியளவும் வேறுபாடு தெரியாது. ஈக்குவல்ஸ் குறியீடு குறியீடாக ஒப்பிடுவதால் இரண்டையும் வேறு சொற்களாகவே கொள்ளும். எத்தனையோ பேர் இதில் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். உங்கள் தர்க்கத்தில் பிழை தேட வேண்டாம்.

இரண்டு சொற்களின் லெங்த்தையும் (length, அதாவது குறியீடுகளின் எண்ணிக்கை) அச்சிட்டுப் பாருங்கள். "திருகோணமலை" ஒன்றில் 10, மற்றதில் 11 என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆனால் கடைசியில் ஒட்டிய வெற்றிடமும் ஒன்றைக் கூட்டும். அதை ட்ரிம் (trim) என்ற கட்டளை நீக்கிவிடும்.

எழுத்துச் சிக்கலுக்கு ஜாவா 6 முதல், இப்படி வேறுபடும் வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைசர் (Normalizer) வகுப்பு இருக்கிறது. பட்டியலை ஏற்றும்போதே எல்லாப் பெயர்களையும், பிரிந்த கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றுங்கள்; பயணி தட்டும் சொல்லையும் அப்படியே மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள்.