கல்யாண டிவிடி அமெரிக்கால ஏன் ஓடல?

கேள்வி: வணக்கம் சார், எங்க கல்யாணம் 2007-ல நடந்துச்சு. ஸ்டுடியோக்காரர் குடுத்த மூணு டிவிடியும் இங்க வீட்ல நல்லா ஓடுது, நியூஜெர்சில இருக்கற அக்காவுக்கு காப்பி போட்டு குடுத்தனுப்பினேன், அங்க ப்ளேயர் டிஸ்க்கையே எடுக்கலயாம். வீட்லயே மாத்த முடியுமா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முடியும்மா. டிஸ்க் கெட்டுப்போகல, பாஷைதான் வேற. நம்மூர் ஸ்டுடியோ போட்டது பால் ஃபார்மட் (ஆவின் பால் இல்ல), 1982-ல நம்ம டிவிக்கு கலர் வந்தப்பவே இதான். செகண்டுக்கு 25 ஃப்ரேம், படத்துக்கு 576 வரி. அமெரிக்கால என்டிஎஸ்சி, செகண்டுக்கு 29.97 ஃப்ரேம், 480 வரி. அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50, அந்தக் காலத்து டிவிய அதுக்கேத்த மாதிரி செஞ்சாங்க, அந்த பழக்கம் டிவிடி வரைக்கும் ஒட்டிக்கிச்சு. நம்மூர்ல விக்கற ப்ளேயர் பெரும்பாலும் ரெண்டையும் படிக்கும், அங்க விக்கறது நிறைய பால படிக்காது.

ஆனா டிஸ்க்க டிஸ்க்காவே மாத்தணுமான்னு முதல்ல யோசிங்க. அக்கா வீட்ல கம்ப்யூட்டர் இருந்தா விஎல்சின்னு ஒரு இலவச வீடியோ ப்ளேயர் சாஃப்ட்வேர் போட்டா போதும், அது பாலா என்டிஎஸ்சியான்னு பாக்கவே பாக்காது. டிவில தான் பாக்கணும்னா முதல்ல டிஸ்க்ல இருக்கற வீடியோ_டிஎஸ் ஃபோல்டர முழுசா கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணி வைங்க, பழைய ரைட் பண்ண டிஸ்க் எப்ப கைவிடும்னு சொல்ல முடியாது. அப்புறம் ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுல அந்த ஃபோல்டர திறந்து எம்பி4 ஆக்குங்க, ஃப்ரேம் ரேட்ட மட்டும் தொடாதீங்க, ஒரிஜினல்ல இருக்கறபடியே விடுங்க. மாலை மாத்தறப்ப கைய சுத்தி சீப்புப் பல்லு மாதிரி கோடு தெரிஞ்சா டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணுங்க. அந்த எம்பி4-அ பென்டிரைவ்ல போட்டு டிவில சொருகறதா இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகக்கூடாது, பென்டிரைவ் ஃபேட்32-ங்கற ஃபார்மட்ல இருந்தா அதுல ஏறாது.

இல்ல, டிஸ்க்தான் வேணும்னா டிவிடி ஸ்டைலர்னு டிவிடி தயார் பண்ற சாஃப்ட்வேர்ல புது ப்ராஜெக்ட் ஆரம்பிக்கறப்பவே என்டிஎஸ்சின்னு குடுத்து, முதல்ல காப்பி பண்ணி வச்ச ஃபோல்டர்ல இருக்கற வீடியோவ போட்டு, 4.7 ஜிபி டிஸ்க்ல மெதுவான ஸ்பீடுல ரைட் பண்ணுங்க. 25 ஃப்ரேம இழுத்து 29.97 ஆக்கறதால கேமரா நகர்ற இடத்துல லேசா வெட்டி வெட்டி தெரியும், அத ஒண்ணும் பண்ண முடியாது. எப்பவும் ஸ்டுடியோ குடுத்த டிஸ்க்ல இருந்தே எடுங்க, மாத்தினத திரும்ப மாத்தாதீங்க. எங்க மாமா கிரகப்பிரவேச டிஸ்க்க நான் மூணு தடவ மாத்தி, கடைசில மாமா முகமும் இட்லியும் ஒரே மாதிரி ஆயிடுச்சு, இன்னும் அந்த பேச்சு ஓயல.

கேள்வி: அமெரிக்கால இருந்து ஃப்ரெண்ட் கொண்டுவந்த சினிமா டிவிடிய லேப்டாப்ல போட்டா ரீஜன் மாத்தவான்னு கேக்குது. இதுவும் பால் பிரச்சனையா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இல்லீங்க, இது வேற பூட்டு. கம்பெனிக்காரங்க எந்த நாட்டுல எது ஓடணும்னு வைக்கற நம்பர், அமெரிக்காவுக்கு 1, நமக்கு 5. மேல அந்த வாசகி கேட்ட மாதிரி கல்யாண டிஸ்க்குல இது இருக்காது. டிரைவ்ல மொத்தம் அஞ்சு தடவதான் மாத்த விடும், கடைசியா வச்சது அப்படியே நின்னுடும், ஒரு படத்துக்காக ஓகே குடுக்கறதுக்கு முன்னாடி எத்தன தடவ மிச்சம் இருக்குன்னு அதே ஸ்க்ரீன்ல காட்டும், பாத்துட்டு அமுத்துங்க.