200 பைகளும் ஒரு பீரோவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஆலயத்துக்கு அடுத்த தெருவில் ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. சென்ற வருடம் சபையில் காணிக்கை சேர்த்து, 200 புத்தகப் பைகள் வாங்கி, சபையின் பெயரை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தலைமையாசிரியை நன்றி சொன்னார். ஆனால் முகம் மலரவில்லை. இந்த வருடமும் ஏதாவது செய்யவேண்டும் என்று பேச்சு. எதைச் செய்தால் உண்மையில் பயன்படும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பை வேண்டுமா என்று யாராவது முதலில் போய்க் கேட்டீர்களா? கடிதத்தில் அந்த வரியைக் காணோம்.

பெயர் அச்சடித்தது இன்னொரு சிக்கல். இது இலவசமாக வந்தது என்று பிள்ளையின் முதுகில் எழுதி அனுப்புவதும் அதுவும் ஒன்றுதான். வேறு மதத்துப் பிள்ளையின் வீட்டில் யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்லவேண்டியவர் அந்தத் தலைமையாசிரியை. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியவேண்டாம் என்று மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இருப்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இங்கே அச்சகத்துக்காரர் வரைக்கும் தெரிந்துவிட்டது!

1780-இல் இங்கிலாந்தின் க்ளஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஞாயிறு பள்ளி தொடங்கினார். ஏன் ஞாயிறு? மற்ற ஆறு நாளும் அந்த ஏழைப் பிள்ளைகள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வேதாகமம் பாடப்புத்தகமாக இருந்தாலும், எழுத்துக் கூட்டி வாசிக்க வைப்பதுதான் அங்கே பெரிய வேலை. பிள்ளைகளின் வாரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு நாள் குறித்திருக்கிறார்.

நான் சில வருடங்கள் ஒரு தொடக்கப்பள்ளிக்கு வாரம் ஒருநாள் போய், பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அலுவலக அறையில் ஒரு இரும்பு பீரோ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உடையை நனைத்துக்கொண்டால் மாற்றிவிட அதில் கொஞ்சம் துணி கிடக்கும், எல்லாம் ஆசிரியைகள் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஒருநாள் ஒரு பையன், பீரோவில் கிடைத்த பெரிய கால்சட்டை நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகை விரலை எழுத்தின்மேல் ஓட்டி வாசித்தான். பக்கம் முடிந்ததும் என்னைப் பார்த்தான். நான் புரட்டினேன். இப்படியே கதை முடிந்தது. அந்த பீரோவுக்குத் தேவைப்பட்டது அளவான பத்து கால்சட்டை. பள்ளியைக் கேட்டால் அளவு மட்டும் எழுதித் தருவார்கள். யாருக்கு என்று நீங்கள் கேட்கவும் கூடாது.

அப்புறம், ஆள். பொருளைவிட அதுதான் அரிது. வாசிக்கக் கேட்க வாரம் அரைமணி நேரம் வர ஐந்து பேர் இருந்தால் பெரிய விஷயம். புதன்கிழமை என்றால் எல்லாப் புதனும் வரவேண்டும். இரண்டு வாரம் வந்துவிட்டு நின்றுபோகிறவர் வராமலே இருக்கலாம், காத்திருந்து ஏமாறுவது பிள்ளைதான். பள்ளி உங்களைப் பற்றி விசாரித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். பள்ளிக்குள் ஜெபமும் வேண்டாம், துண்டுப்பிரசுரமும் வேண்டாம்.

சரி, தலைமையாசிரியையைப் பார்க்க இரண்டு பேர் போனால் போதும், கேமரா இல்லாமல். "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் முதலில் சொல்வார். அடுத்த மாதம் மறுபடி போய்க் கேளுங்கள்.