ஆறாம் நாள் வேலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாசரேத் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சிமெண்ட், பெயிண்ட், பிளம்பிங் சாமான். வேலைக்கு மூன்று பேர். ஞாயிறு காலை முதல் ஆராதனைக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கெல்லாம் ஷட்டரைத் தூக்கிவிடுவேன். வீடு கட்டுகிறவர்கள் குடும்பத்தோடு வந்து பெயிண்ட் கலர் பார்ப்பது அன்றைக்குத்தான். ராத்திரி சாப்பிட்ட பிறகு பற்று நோட்டும் ஜிஎஸ்டி பில்லும். படுக்கப் பன்னிரண்டு ஆகிறது. போன மாதம் கன்வென்ஷன் என்கிற சபைப் பெருங்கூட்டத்தில் ஒருவர், ஞாயிறு கடையை அடைத்த பிறகு வியாபாரம் இரட்டிப்பானது என்று சாட்சி சொன்னார். வீட்டில் அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு விசுவாசம் இல்லாமல் இல்லை. ஆனால் எதிர்க்கடை திறந்திருக்குமே? அடைக்கலாமா? அடைத்தால் நஷ்டத்தை எப்படித் தாங்குவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சாட்சியை முதலில் ஒதுக்கி வையுங்கள். அவருக்கு அப்படி நடந்திருக்கலாம். ஆனால் பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைச் சொல்லும் இடத்தில் வியாபாரப் பெருக்கம் பற்றிய பேச்சே இல்லை. லாபம் வரும் என்று நம்பி அடைத்தவர், மூன்றாம் மாதம் கல்லா குறைந்ததும் திறந்துவிடுவார்.

நீங்கள் வாசிக்க வேண்டியது பைபிளில் யாத்திராகமம் 16. சீனாய் மலையில் கட்டளை வருவதற்கு நான்கு அதிகாரம் முந்தி. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் கொடுத்த உணவான மன்னா, தினம் தலைக்கு ஒரு ஓமர் என்கிற அளவு. ஆறாம் நாள் மட்டும் இரண்டு. மற்ற நாட்களில் மீத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது, ஆறாம் நாள் வைத்தது கெடவில்லை. அப்படியும் சிலர் ஏழாம் நாள் பொறுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஓய்வுக்கான வேலை முந்தைய நாளே முடிந்திருக்கிறது. உங்கள் கடையில் ஆறாம் நாள் என்று ஒன்று கிடையாது, ஏழும் ஒரே மாதிரி ஓடுகின்றன. ஷட்டரை மட்டும் இறக்கினால் போன் வழியாகக் கடை வீட்டுக்குள் வந்துவிடும்.

நஷ்டத்தைக் கணக்குப் போடுங்கள், பயம் பாதி அதில் போகும். கடந்த மூன்று மாத பில்களில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் தனியே கூட்டுங்கள். உதாரணத்துக்கு, ஒரு ஞாயிறு விற்பனை ₹40,000, மொத்த லாபம் 12 சதவீதம் என்றால் கையில் நிற்பது ₹4,800. விற்பனைத் தொகையை நஷ்டமாக எண்ணுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அடுத்து, யார் வாங்கினார்கள் என்று பாருங்கள். பற்றுக் கணக்கு உள்ள மேஸ்திரியும் பெயிண்டரும் சனியோ திங்களோ உங்களிடமே வருவார்கள். போகிறவர் ரொக்கத்துக்கு வாங்கும் புது ஆள். அவரால் வந்த லாபம் பாதி என்றால் வாரம் ₹2,400, மாதம் பத்தாயிரம் சொச்சம். கரண்டும் டீச்செலவும் கொஞ்சம் மிஞ்சும். மாதச் சம்பளம் மிஞ்சாது, அதைக் கழித்துக் காட்டி மனதை ஏமாற்றாதீர்கள். வருகிற எண் உங்கள் ஓய்வின் விலை. அது தாங்க முடியாத தொகை என்றால், ஞாயிறு ஒன்றை மட்டும் நம்பி நிற்கும் கடை அது. அதற்கு வேறு மருந்து வேண்டும்.

இனி சனிக்கிழமை. ஞாயிறு கான்கிரீட் போடுகிற இடம் எது என்று வியாழனே மேஸ்திரிகளிடம் கேட்டுவிடுங்கள். சிமெண்ட் சனி மாலை நான்கு மணிக்குள் போய் இறங்க வேண்டும். வெறுந்தரையில் அடுக்கினால் ஈரம் ஏறி மூட்டை கட்டி தட்டும், பலகை போட்டு மேலே தார்ப்பாய் மூடச் சொல்லுங்கள். லாரிக்காரர்களிடம் ஞாயிறு லோடு வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், இல்லையென்றால் அவர்கள் வந்து நிற்கிற நேரம்தான் உங்கள் ஆராதனை நேரமாக இருக்கும். இரண்டாவது, நான்காவது சனிகளில் வங்கி கிடையாது. அந்த வாரங்களில் ரொக்கத்தை வெள்ளியே கட்டுங்கள், கல்லாவில் பணம் கிடந்தால் தூக்கம் வராது. கடைக்குத் தனி நம்பர், வாட்ஸ்அப் பிசினஸில் ஞாயிறுக்கு மட்டும் தானாகப் போகிற பதில்.

குழாய் உடைந்தால்? துரவில், அதாவது கிணற்றில், விழுந்த எருதை ஓய்வுநாளிலும் தூக்குவோம் என்று இயேசுவே சொல்கிறார், லூக்கா 14. அதற்காகக் கடையைத் திறக்க வேண்டியதில்லை. நம்பிக்கையான பிளம்பர் இரண்டு பேரிடம் ஆளுக்கொரு பெட்டி கொடுத்து வையுங்கள்: அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் கப்ளிங், எல்போ, எண்ட் கேப், ஒரு பால் வால்வு, சால்வெண்ட், டெஃப்லான் டேப். எடுத்ததற்குத் திங்கட்கிழமை கணக்கு.

ராத்திரி நோட்டு விஷயம். ‘வருத்தத்தின் அப்பம்’ என்று 127ஆம் சங்கீதம் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கடை காற்று வாங்குகிறது அல்லவா, வாரத்தில் இரண்டு மதியம் கொள்முதல் பில்லுக்கு ஒதுக்குங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டு ரிட்டர்னுக்கு மாறலாம். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு வரியை மட்டும் அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி எண் உள்ள காண்டிராக்டர் பில்களை ஜிஎஸ்டி போர்ட்டலில் அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஏற்றினால் அவர்களும் முணுமுணுக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் வேலையாட்கள் மூன்று பேர் ஒரே வரியில் வந்து போகிறார்கள். உபாகமம் 5:14 வேலைக்காரனும் வேலைக்காரியும் ‘உன்னைப்போல’ இளைப்பாறும்படி என்று காரணம் சொல்கிறது, மாட்டையும் கழுதையையும் கூடச் சேர்க்கிறது. சட்டமும் அதைத்தான் கேட்கிறது: 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி கடை ஊழியருக்கு வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை, சம்பளப் பிடித்தம் இல்லாமல். ஞாயிறு குடோன் கூட்டவும் ஸ்டாக் எடுக்கவும் கூப்பிட்டால் அது விடுமுறை அல்ல. வேறு மதத்தவர் இருந்தால் ஜெபக்கூட்டத்துக்கும் கூப்பிடாதீர்கள், அந்த நாள் அவர்களுடையது.

அரைநாள் திறப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பிரசங்கத்தில் கடையும் கடையில் பிரசங்கமும் ஓடும். ஞாயிறு முடியவே முடியாது என்றால் செவ்வாயோ புதனோ முழுநாள் அடையுங்கள். நாள் விஷயத்தில் அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்று பவுல் ரோமர் 14இல் விட்டுவிடுகிறார். இன்னொன்று, கடை அடைத்தது தெரிந்ததும் சபையை நடத்துகிற சேகரக் கமிட்டி உங்களைத் தேடி வரும். கணக்கு, அசன (சபை விருந்து) வேலை, அறுப்பின் பண்டிகை ஏலம். முதல் ஆறு மாதத்துக்கு ஒன்றையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதுவும் வேலைதான்.

ஐப்பசி மழையில் கட்டட வேலை மந்தமாக இருக்கும்போது தொடங்குங்கள், தை மாசியில் வேண்டாம். நான்கு ஞாயிறு முன்னதாகவே போர்டு மாட்டிவிடுங்கள். வசனம் எழுத வேண்டாம். ‘ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை 8 மணிக்குத் திறக்கும்.’ கீழே பிளம்பரின் நம்பர், அவரிடம் கேட்டுக்கொண்டு.