கேட்பது நீங்கள், சுட்டுக்கொண்டது நான்

மின்னணுப் பொழுதுபோக்கு: வாசகர் கேள்வி – பதில்

மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த, பிசி 547 டிரான்சிஸ்டரும் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து நானே ஒரு சர்க்யூட் செய்தேன். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. இப்போது தொட்டி வழிந்தாலும் மோட்டார் நிற்பதில்லை. டிரான்சிஸ்டரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். தண்ணீருக்குள் விட்ட செம்புக் கம்பியும் பச்சையாகிவிட்டது. – வாசகர், கரூர்

டிரான்சிஸ்டர் பாவம், அதை விட்டுவிடுங்கள். காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். தண்ணீருக்குள் இரண்டு கம்பி, இடையே எந்நேரமும் ஒரே திசையில் மின்சாரம். முலாம் பூசும் பட்டறையில் நடப்பதும் இதுதான். பாசிட்டிவ் பக்கத்துக் கம்பி கரைந்துகொண்டே இருக்கும். 1 மில்லி ஆம்பியர் இடைவிடாமல் ஓடினாலே, கணக்குப்படி நாளொன்றுக்கு ஏறக்குறைய 28 மில்லி கிராம் செம்பு போய்விடும். 1 சதுர மில்லி மீட்டர் கம்பி என்றால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட 10 சென்டி மீட்டர். மிச்சமிருக்கும் கம்பியின் மேல் பச்சை படிந்து, டிரான்சிஸ்டரை இயக்கும் காலான பேஸுக்குப் போக வேண்டிய மின்சாரத்தைத் தடுத்துவிடுகிறது. ரிலே இழுக்காது, மோட்டார் நிற்காது.

என் வீட்டிலும் முதலில் செம்புதான் போட்டேன். ஒரு நாள் விடியற்காலையில் மாடிப்படி வழியாக அருவி இறங்கியபோதுதான் புத்தி வந்தது. தீர்ந்துபோன சாதாரண டார்ச் பேட்டரியைக் குறடால் பிளந்து, நடுவில் இருக்கும் கரிக்கோலை எடுத்துக் கழுவி, அதன் பித்தளைத் தொப்பியில் கம்பியைப் பற்றவைத்தேன். பற்றவைத்த இடம் தண்ணீருக்கு மேலேயே நிற்கும்படி தொங்கவிட்டேன். இரண்டு நாள் கை கறுப்பாகவே இருந்தது, சாப்பாடு ஸ்பூனில். ஆனால் அந்தக் கரிக்கோல்கள் ஏழு ஆண்டு உழைத்தன. (அல்கலைன், லித்தியம் பேட்டரிகளில் குறடு வைத்துவிடாதீர்கள்.)

இன்று அந்தப் பாடு தேவையில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போடுங்கள். ஒரு சிறிய மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் ஏற்றி ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டர் சிப்) வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை 5 மில்லி செகண்ட் மட்டும் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பாசிட்டிவ், நெகட்டிவைத் திருப்பிப் போடுங்கள். அரிப்பு பெயருக்குத்தான் இருக்கும். ஒலி எதிரொலித்துத் திரும்புவதை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் வைப்பதானால் தண்ணீர் புகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். அது சுமார் 20 சென்டி மீட்டருக்குள் வந்த தண்ணீரைப் பார்க்காது. ஆகவே நிரம்பும் மட்டத்துக்கு 25 சென்டி மீட்டராவது மேலே மாட்டுங்கள். இன்னொன்று: அந்தச் சின்ன ரிலே மோட்டாரை நேரடியாக இயக்குகிறது என்றால் உடனே மாற்றுங்கள். நடுவே மோட்டாரின் மின்சாரத்தைத் தாங்கும் பெரிய ரிலேயான காண்டாக்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ராஸ்பெர்ரி பை பிகோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் சரியாக ஓடிய புரோகிராம் பிகோ 2-ல் தடுமாறுகிறது. பட்டனை அழுத்திக் கையை எடுத்த பிறகும் அழுத்தியபடியே இருப்பதாகக் காட்டுகிறது. உள்ளே இருக்கும் புல்-டவுனைத்தான் (சிப்பின் காலை 0 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) பயன்படுத்தியிருக்கிறேன். புரோகிராமில் தவறா? – பொறியியல் மாணவர், மதுரை

புரோகிராமை நூறு முறை படித்திருப்பீர்களே தம்பி, அந்த நேரத்தில் ஒரு முறை மல்டிமீட்டரை வைத்திருக்கலாம். பட்டனை விட்ட பிறகு அந்தக் காலில் 0 வோல்ட் இருக்காது, 2.2 வோல்ட் பக்கம் நிற்கும். 2024 ஆகஸ்டில் 5 டாலர் விலையில் வந்த பிகோ 2-ல் இருப்பது ஆர்.பி. 2350 சிப். அதன் ஏ2 பதிப்பில் உள்ள குறை இது. காலுக்குள் கசியும் மின்சாரத்தை உள் புல்-டவுனால் இழுத்து இறக்க முடிவதில்லை. வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்குக் குறைவான ரெசிஸ்டர் ஒன்றைத் தரைக்கு (கிரவுண்ட், 0 வோல்ட்) போடுங்கள், சரியாகிவிடும். அதைவிட எளிது, பட்டனைத் தரைக்குக் கட்டிவிட்டு, காலை மேலே இழுத்து வைக்கும் புல்-அப் பயன்படுத்துவது. அதில் இந்தத் தொல்லை இல்லை. 2025-ல் வந்த ஏ4 பதிப்பில் திருத்திவிட்டார்கள். இவ்வளவும் அந்தச் சிப்பின் டேட்டா ஷீட்டில், கடைசியில் உள்ள பிழைப் பட்டியலில் இருக்கிறது. முதல் பக்கத்துப் பெருமைகளைவிட எனக்கு அந்தப் பட்டியல்தான் பிடிக்கும்.

பத்து ரூபாய் சுமாருக்கு மைக்ரோகன்ட்ரோலர் கிடைக்கும் காலத்தில் இன்னும் 555 டைமர் ஐ.சி.யைப் பற்றியே எழுதுகிறீர்களே? – வாசகர், சேலம்

குத்தியது போதும், வழிக்கு வருகிறேன். 10 நிமிடத் தாமதத்துக்கு நானும் இப்போது 555 போடுவதில்லை. 12 வோல்ட்டில் 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் 470 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் போட்டால் எட்டரை நிமிடம் வர வேண்டும். ஆனால் கடைசிக் கட்டத்தில் அந்த ரெசிஸ்டர் வழியே ஓடுவது வெறும் 4 மைக்ரோ ஆம்பியர். கண்டன்சரின் கசிவு அதைத் தாண்டிவிட்டால் நேரம் முடியவே முடியாது. கத்திரி வெயிலில் ஒரு பூஜை அறை விளக்கை இப்படி விடிய விடிய எரியவிட்ட பெருமை எனக்கு உண்டு. இந்த வேலைக்கு சி.எச். 32வி 003 போன்ற ரிஸ்க்-ஃபைவ் வகை மைக்ரோகன்ட்ரோலர் சிப் அருமையானது: 48 மெகா ஹெர்ட்ஸ், 2 கிலோ பைட் நினைவகம், மொத்தமாக வாங்கினால் 10 அமெரிக்க சென்ட் அளவில் விலை.

ஆனாலும் ஒரு விளக்கை மினுக்கவோ, ஒரு பஸரைக் கத்தவிடவோ கம்ப்யூட்டரைத் திறந்து, கேபிளைத் தேடி, புரோகிராம் ஏற்ற என் கை வருவதில்லை. 1971-ல் ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்த 555, இரண்டு ரெசிஸ்டரோடும் ஒரு கண்டன்சரோடும் வேலையை முடித்துவிடும். பேட்டரி இறங்கினாலும் நேரம் பெரிதாக மாறாது. உள்ளே மூன்று சம ரெசிஸ்டர்கள் மின்னழுத்தத்தை மூன்றாகப் பிரித்து அளவுகோலாக்குவதால், கோலும் சேர்ந்தே சுருங்கிவிடுகிறது.

3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லை டி.பி. 4056 சார்ஜர் போர்டில் ஏற்றலாமா? – வாசகி, ஈரோடு

கூடாது. அந்தப் போர்டு 4.2 வோல்ட் வரை ஏற்றும். உங்கள் செல்லுக்கு உச்சம் 3.65 வோல்ட். அதற்கென்றே உள்ள சார்ஜரை வாங்குங்கள். சாதாரண லித்தியம் அயான் செல்லானாலும், போர்டில் '122' என்று எழுதிய எள் அளவு ரெசிஸ்டரைப் பாருங்கள். 1.2 கிலோ ஓம். அது இருந்தால் 1 ஆம்பியர் பாயும். 500 மில்லி ஆம்பியர்-மணி (mAh) கொள்ளளவு கொண்ட குட்டிச் செல்லுக்கு அது அதிகம். 5 கிலோ ஓம் மாற்றினால் 250 மில்லி ஆம்பியராகக் குறையும்.

எழுபதுகளில் இசட்.என். 414 என்ற மூன்று கால் ஐ.சி. வைத்து ரேடியோ செய்தேன். பேரனோடு மறுபடியும் செய்ய ஆசை. கிடைக்குமா? – 71 வயது வாசகர், தஞ்சாவூர்

அது கிடைப்பது அரிது ஐயா. டி.ஏ. 7642 என்று கேளுங்கள், அதே வேலையைச் செய்யும். ஒரே ஒரு 1.5 வோல்ட் செல் போதும். இரண்டு செல்லை நேராகப் போட்டால் வீல் என்று கத்தும். ஃபெரைட் தண்டையும் (ஏரியல் சுருள் சுற்றிய கறுப்புத் தண்டு) கேங் கண்டன்சரையும் (நிலையம் திருப்பும் கண்டன்சர்) பரணில் கிடக்கும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் திருச்சி வானொலி, 936 கிலோ ஹெர்ட்ஸ், முதலில் பிடிபட வேண்டும். கரகரப்பு மட்டும் வந்தால் சர்க்யூட்டைப் பிரிக்காதீர்கள். முதலில் வீட்டு எல்.இ.டி. பல்புகளையும் போன் சார்ஜர்களையும் அணைத்துவிட்டு, தண்டைக் கிடையாகப் பிடித்து மெல்லத் திருப்பச் சொல்லுங்கள் பேரனை.