கப்பல் நிற்கும் எட்டு மணி நேரம்: கேள்வி-பதில்

கப்பல் சுற்றுலாவில் மதில் சூழ்ந்த பழைய நகரங்களைப் பார்த்து வந்தவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன.

ஊர் ஏஜென்ட் "டுப்ரோவ்னிக் (குரோஷியா) கோட்டை மதில் நடை உட்பட" என்று ஆளுக்கு 9,000 ரூபாய் வாங்கினார். அங்கே பஸ்ஸில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டார்கள். மதிலில் ஏற டிக்கெட் தனி. கேட்டால், "அது அங்க உள்ளவங்க தப்பு" என்கிறார். – கீழக்கரை வாசகி

பணம் வாங்கியவர்தான் பொறுப்பு அம்மா. 1,940 மீட்டர் நீளமுள்ள அந்த மதிலில் நடக்கத்தான் எல்லோரும் அந்த ஊருக்குப் போகிறார்கள். 2023-இல் அதன் டிக்கெட் மட்டும் 35 யூரோ. "உட்பட" என்று போட்ட நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி, ரசீது, அங்கே வாங்கிய டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்பும். 4.45-க்குத் திரும்பினால் போதும்தானே? – மண்டபம் வாசகர்

போதாது. ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு முன்பே முடிந்துவிடும். சொந்தமாக ஊர் சுற்றப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது.

கார்டு மெஷின் "ரூபாயா, யூரோவா" என்று கேட்டது. நம்ம பணமாச்சே என்று ரூபாயை அமுக்கினேன். அதிகம் போயிருக்கிறது. – பனைக்குளம் வாசகர்

இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. ரூபாயை அமுக்கியதும் மாற்று விகிதத்தை முடிவு செய்வது உங்கள் வங்கி அல்ல, கடைக்காரருக்கு மெஷின் கொடுத்தவர்கள். அவர்கள் தங்கள் லாபத்தை அதிலேயே சேர்த்துவிடுவார்கள். ஒரு பேச்சுக்கு, அன்றைய விலை 90 ரூபாய் என்றால் மெஷின் 95 போடும். 200 யூரோ சாமானுக்கு ஆயிரம் ரூபாய் போச்சு. அதற்கு மேல் நம் வங்கியும் ஒரு கட்டணம் பிடிக்கலாம். எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊர்ப் பணத்தையே அமுக்குங்கள். கடைப் பையன் உங்களைக் கேட்காமல் ரூபாயை அமுக்கினால், அங்கேயே நின்று ரத்து செய்யச் சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் இதே கதைதான். மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா என்று திரை கேட்கும். வேண்டாம் என்றால் பணமே வராது என்று பயப்படுகிறார்கள். வரும், யூரோ கணக்கிலேயே வரும்.

முழுப் பணமும் கட்டியாச்சு. டுப்ரோவ்னிக், கோட்டோர், அப்புறம் இத்தாலி. ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா போதுமா? – தொண்டி வாசகர்

போதாது. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் அதில் இருக்கிறது, கோட்டோர் உள்ள மாண்டினீக்ரோ இல்லை. அங்கே போய்விட்டு இத்தாலிக்குள் நுழையப் பலமுறை நுழையும் விசா வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டாமா?

கப்பல் இலங்கையில் அம்பாந்தோட்டையில் நின்றபோது பஸ்ஸில் காலி நகரக் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே ஒரு கடையில் கார்டில் 60,000 கட்டி நீலக்கல் வாங்கினேன். நம் ஊர் ஆசாரி செயற்கைக் கல் என்கிறார். – தேவிபட்டினம் வாசகி

உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. என் மகள் கல்யாணத்துக்கு முன்னால் அதே கோட்டைக்குள் நானும் ஒரு நீலம் வாங்கினேன். கடைக்காரர் கல்லால் கண்ணாடியைக் கீறிக் காட்டினார், நம்பிவிட்டேன். செயற்கை நீலமும் கீறத்தான் செய்யும், அதுவும் இயற்கை நீலம் போலக் குருந்தம் என்ற கடினமான பொருள்தான். உருக்கி உண்டாக்கும் முறை நூறு வருடத்துக்கும் மேல் பழையது. கீழக்கரையில் கல் பார்க்கும் பெரியவர் ஒருவர் லென்ஸை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றார். உள்ளே வளைவு வளைவாகக் கோடுகள், நடுவே ஒரு சின்னக் குமிழ். மண்ணில் விளைந்த கல்லில் கோடுகள் நேராக, கோணமாக ஓடும். நான் ரொக்கமாகக் கொடுத்திருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நீங்கள் கார்டில் கட்டியது நல்லது. ஒரு ஆய்வுக்கூடத்தில் சான்று வாங்கி, தாமதிக்காமல் வங்கியில் ஆட்சேபணை பதியுங்கள். இலங்கையில் கல் விற்க, தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் உரிமம் வேண்டும். அங்கேயும் புகார் அனுப்புங்கள். ரசீதில் "இயற்கை" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.